வியாழக்கிழமைக் கோப்பை

அந்தக் காலத்தில் குதிரை வண்டிகள் நுழைவதற்கென்று கட்டிய உயரமான வளைவு. அதன் கீழே வந்ததும் நார்மா நின்றுவிட்டாள்.

ஐம்பது வருஷமாக இதே ஊர்தான். சந்தைக்குப் போகும்போதெல்லாம் 'கறுப்பு அன்னம்' மதுவிடுதியைத் தாண்டித்தான் போவாள். உள்ளே வந்ததில்லை.

இது அவள் புருஷன் செட்ரிக்கின் இடம். வியாழக்கிழமை சாயங்காலமானால் ஒரு கோப்பை பியரும் டோமினோக் காய் ஆட்டமுமாக உட்கார்ந்துவிடுவார். அதெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முன்பு வரை.

அவரைப் புதைத்து ஒன்பது நாளாகிறது.

உள்ளே போனாள். உத்தரத்தில் ஈயக் கோப்பைகள் வரிசையாகத் தொங்கின. அவரவர் கோப்பை, அவரவர் கொக்கி. ஆள் போய்விட்டால் வீட்டில் உள்ளவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

அதற்குத்தான் வந்தாள். கூடவே ஒரு விஷயத்தையும் கொட்டிவிட்டுப் போக வந்தாள்.

"எங்க செட்ரிக்கை வீட்டுல கட்டிப்போட்ட சீமாட்டி இவங்கதானா?" ஜன்னலோரம் இருந்த கிழவர் ரெஜ் குரல் கொடுத்தார். "எங்க ஆட்டமே படுத்துடுச்சே, தாயே!"

"வாயை மூடு ரெஜ்," என்றார் விடுதிக்காரர் ஹெட்லி. "டாக்டர் பேச்சைக் கேட்டு இந்தக்கா பிடிச்சு வச்சதாலதான் மனுஷன் ரெண்டு வருஷம் கூட இருந்தான்."

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடக்கத்தன்றும் ஊரே இதைத்தான் சொன்னது.

"டாக்டர் அப்படிச் சொல்லவே இல்ல," என்றாள். "ஒரு கோப்பை குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாரு. நான்தான் அவர்கிட்ட மாத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாதுன்னாருன்னு."

வீட்டில் வாய் திறக்காத மனுஷர் இங்கே சிரிப்பது சந்தைத் தெரு வரைக்கும் கேட்கும். அவளுக்கு அது பொறுக்கவில்லை.



"அது எங்களுக்குத் தெரியுமேக்கா," என்றார் ஹெட்லி மெதுவாக. செட்ரிக்கின் கோப்பைக்குப் பக்கத்துக் கோப்பையைக் காட்டினார். "அது டாக்டரோடது. செட்ரிக் கடைசியா வந்த அன்னிக்கு இங்கயே வச்சு அவன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டாரு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் கோப்பையை மாட்டிட்டுப் போனான். 'வியாழக்கிழமை அவளுக்குத் தனியா இருக்க முடியல போல. அதைச் சொல்லத் தெரியாம டாக்டரை இழுக்கறா. நான் வீட்லயே இருந்துட்டுப் போறேன்'னான். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்க வாயையும் கட்டிட்டான்."

ரெஜ் எழுந்து வந்தார். கொக்கியிலிருந்து கோப்பையை எடுத்து, சட்டைக் கையால் தூசியைத் துடைத்து நீட்டினார்.

"கொள்ளைப் பிரியம், தாயே, உங்க மேல."

நார்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மிச்சத்தையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் அத்தனை பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் வரவில்லை.

அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்த மூன்றாவது வாரமே, தேவாலயத்துப் பாட்டுக்குழுவில் ஆள் குறைகிறது என்று அவளைக் கூப்பிட்டார்கள். பயிற்சி வியாழக்கிழமை சாயங்காலம். ரெண்டு வருஷமும் ஒரு வாரம்கூட விடாமல் போனாள்.

கோட்டைப் பிடித்து அவளுக்கு மாட்டிவிட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பியது செட்ரிக்தான்.