குழந்தை கையால் ஒரு பிடி அரிசி

"வந்துட்டா பாருங்க உங்க சதக்காக்காரி! மணி பதினொண்ணு. கடிகாரம்கூடத் தப்பும், இவ தப்ப மாட்டா."

அடுப்படியிலிருந்து தஹூரா சொன்னது மாமியார் ஜாஹெதாவுக்குக் கேட்டது. வாசலில் நின்ற, தெருவே காலா என்று சித்தி முறை வைத்துக் கூப்பிடும் மொமேனாவுக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவள் முகத்தில் எப்போதும் உள்ள அதே சிரிப்பு. தோளில் ஒரு துணிப்பை.

"பௌமா, மருமகளே, குழந்தை கையால ஒரு பிடி அரிசி. தண்ணிக் கண்டம் விலகட்டும்."

வங்கதேசத்தில் பரிசால் பக்கம் வீட்டுக்கு வீடு குளம். ஸ்ராவண மாச மழை பிடித்துக்கொண்டால் குளம் எது, முற்றம் எது என்று தெரியாது. அதனால் தண்ணிக் கண்டத்துக்கு சதக்கா, தர்மம் என்று மொமேனா கேட்டு வந்தபோது, அந்தத் தெருவில் யாரும் கையை விரிக்கவில்லை.

ஆனால் தினமுமா? அதுவும் உலை கொதிக்கிற நேரம் பார்த்தா?

பெரியவர்கள் கையால் கொடுத்தால் வாங்க மாட்டாளாம். அந்தந்த வீட்டுக் குழந்தையே வந்து தன் கையால் பையில் போட வேண்டுமாம். இங்கே சணல் குச்சி நனைந்து அடுப்பு புகைகிறது. எண்ணெயில் மீன் கிடக்கிறது. அத்தனையும் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தேடிப் பிடித்து இழுத்து வரவேண்டும்.

பதினெட்டு வீடு, பதினெட்டுப் பிடி. "மாசம் முடிஞ்சா ஒரு மூட்டை தேறும். நல்ல தொழில்தான்" என்று டாக்காவில் வேலை பார்க்கும் கணவனிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள் தஹூரா.

இன்று ஒரு முடிவோடு இருந்தாள். ஒரு பானை நிறைய அரிசியை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இந்தாங்க காலா. ஒரு மாசத்துக்கு உண்டானது. இனி அடுத்த மாசம் வந்தா போதும்."

"இது எனக்கு வேணாம் பௌமா. ஜோனாகியைக் கூப்பிடு."

"ரெண்டரை வயசுப் பிள்ளை கை என்ன, படியா? அள்ளினா இருபது அரிசி வரும். பானையோட தர்றேன், கசக்குதா?"

"எனக்கு இருபது அரிசி போதும்."

"அவ தூங்கறா."

"தூங்கட்டும். அவ கையை அரிசியில ஒரு தடவை வச்சு எடுத்துட்டு வா. நான் நிக்கிறேன்."

"பாத்தீங்களா அம்மா இந்தப் பிடிவாதத்தை!"

வெற்றிலைக்குப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கவில்லை. "குடுத்து அனுப்பேன். வாசல்ல வந்தவங்ககிட்ட என்ன வழக்கு? அங்க மீன் தீயுது பாரு."

"மீன் தீயறதே இவங்களாலதான்!"

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள் தஹூரா. கொசுவலையைத் தூக்கினாள். போர்த்தின துணி இருந்தது. பிள்ளை இல்லை.

"ஜோனாகி?"

கட்டிலுக்கு அடியில் இல்லை. நெல்லுக் குதிருக்குப் பின்னால் இல்லை.

"அம்மா, பிள்ளை உங்ககிட்டயா இருக்கா?"

"என்கிட்ட ஏது? நீதானே தூங்கறான்னே!"

வாசலுக்கு ஓடிவந்த தஹூராவின் கையிலிருந்த பானை நழுவி உடைந்தது. அங்கே துணிப்பை மட்டும் கிடந்தது. மொமேனா காலாவைக் காணோம். அந்த வயதில் அப்படி ஓட முடியுமா என்று தோன்றும்படி, வீட்டைச் சுற்றிக்கொண்டு அவள் குளத்துப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

படித்துறையில் பனைமரத்தைப் பிளந்து போட்ட படிகள். அதில் இரண்டாவது படியில், இடுப்பளவுத் தண்ணீரில் ஜோனாகி. வாத்தைப் பிடிக்க ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கவுனின் முதுகுப் பக்கம் மொமேனாவின் பிடிக்குள் இருந்தது.

"வாத்து போச்சு! வாத்து போச்சு!" என்று குழந்தை கோபத்தில் அழுதது.

தஹூரா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை மடியில் போட்டு இறுக்கிக்கொண்டு, "அல்லாஹ், அல்லாஹ்" என்று முந்தானையால் அவள் ஈரத்தைத் துடைத்தாள். மாமியார் ஓடிவந்து பேத்தியின் முதுகில் ஒன்று வைத்தாள், முத்தம் கொடுத்தாள், மறுபடி ஒன்று வைத்தாள். மீன் தீய்ந்த வாசனை குளம்வரைக்கும் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் தஹூரா சொன்னாள்: "காலா, பானை என்ன, மூட்டையோட எடுத்துக்குங்க. இனி உங்களை ஒரு வார்த்தை சொன்னா என் நாக்கு அழுகட்டும்."

"அட போ பௌமா."

வாசலில் சிந்திக் கிடந்த அரிசியில் கொஞ்சத்தை எடுத்து, ஜோனாகியின் ஈரக் கைக்குள் வைத்து, தன் பைக்குள் விழவைத்தாள் மொமேனா. "இன்னைக்கு இருபதுகூடத் தேறலை" என்று சிரித்தாள்.

"இந்த அரிசியை வச்சு என்னதான் பண்றீங்க காலா?"

"போற வழியில மதரஸாவுல கொட்டிட்டுப் போறேன். அநாதைப் பிள்ளைங்க வயித்துக்கு ஆகுது."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்கு அரிசி எதுக்கு?"

பாக்கி இன்னும் நாலு வீடு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினவள் திரும்பிச் சொன்னாள்:

"இதே உலை கொதிக்கிற நேரத்துல என் பிள்ளையைக் குளத்துக்குப் பறிகுடுத்தவ நான். மனசு கேக்காம, போன வருஷம் ஒருநாள் இதே நேரத்துக்கு வெறுங்கையோட வந்து, 'பௌமா, பிள்ளை எங்க இருக்குன்னு பாத்தியா?'ன்னு உன்கிட்ட கேட்டேன். 'பெத்தவளுக்குத் தெரியாதா?'ன்னு கதவைச் சாத்தினே. பதினெட்டு வீட்டுலயும் அதே பதில்தான். மறுநாள் அரிசி கேட்டேன். எல்லாரும் பிள்ளையைத் தேடி எழுந்தாங்க."