சிவப்புப் புள்ளி

வெள்ளைக்கண்ணுவுக்கு, நோய் ஆராய்ச்சிக்கென்று ஜீப்பில் வந்திறங்கிய அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் துளியும் நம்பிக்கையில்லை. வரைபடத்தில் சுற்றுவட்டாரமெல்லாம் பச்சையாக இருக்க, அவர் ஊர் ஆலமரம் மட்டும் சிவந்திருந்தது.

"எவன் போட்டுக்குடுத்தான்?"

"யாருமில்லைங்கய்யா. மழை, வெயில், மரம், வௌவால் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தோம். சிவப்பா இருக்கற இடத்துல வௌவால்கிட்டேருந்து வைரஸ் பரவலாம். அதுக கடிச்ச பழத்தைத் தொடாதீங்க. விரட்டவும் வேணாம்."

இதுவரை எந்த அதிகாரியும் எட்டிக்கூடப் பார்க்காத ஊரை மழையும் வெயிலுமா காட்டிக்கொடுக்கும்? இடத்தைப் பிடுங்கத்தான் அடிபோடுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. வௌவால் போனால் சிவப்பும் போய்விடுமே.

வௌவால் மிரளுமென்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. அவள் ஜீப் கிளம்பிய மறுநாள், பட்டப்பகலில், டவுனில் வாங்கிய சரவெடியை மரத்தடியில் அவரே பற்றவைத்தார். வானம் கறுத்தது. கிளையெல்லாம் காலியானது.

அடுத்த நாள் காலை, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அப்பா, நம்ம வௌவாலெல்லாம் எங்க கொய்யாத் தோப்புக்கு வந்துருச்சுப்பா! அது கடிச்ச பழந்தான் இனிப்புன்னு நீங்க சொல்லுவீங்கல்ல, பிள்ளைக விடியக்காலையிலேருந்து பொறுக்கித் தின்னுக்கிட்டிருக்குதுக."