கோடு விழாத நீலம்

தன் ரிவால்வரை என் மேசைமேல் வைத்துவிட்டு, "மாத்திக்கலாமாடா ஹார்லன்?" என்றான் லோவெல்.

கையிலிருந்த காப்பியை நான் கொட்டிக்கொள்ளாதது பெரிய விஷயம்.

வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் இந்த மொன்டானாக் கண்காட்சிக் கொட்டகையில், துப்பாக்கிகளைப் பரப்பி வைத்த இதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அவனிடம் கெஞ்சுவேன். ஒருதரம்கூடச் சுடாத என் அழகியை எடுத்துக்கொள், உழைத்துத் தேய்ந்த உன் கிழவியைக் கொடு என்பேன். சுடாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தாலாட்டித் தூங்க வைக்கவா என்று சிரித்துவிட்டுப் போவான்.

விலைக்குப் பார்த்தால் என்னுடையது அவனுடையதைப்போல நாலு மடங்கு. என் ஆசையைக் கேட்டவர்கள் எனக்குக் கழன்றுவிட்டது என்றார்கள்.

அவர்கள் அன்று மலைச்சரிவில் இல்லை. பெர்ரிப் புதருக்குள் கால் மடங்கிக் கிடந்த என்னை நோக்கிக் கரடி வந்தபோது, மழைச் சேற்றில் விழுந்து எழுந்த அந்தக் கிழவிதான் லோவெலின் கையிலிருந்து பேசியது. இழுத்தால் சுடும். அதன் குணம் அவ்வளவுதான்.

இன்று அவனே கொண்டுவந்திருக்கிறான்.

வாசலில் அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து பார்த்து, காலி என்று தெரிந்த பிறகு மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையைக் கோத்துவிடுவது இங்கே வழக்கம். யாரோ தெரிந்தவனோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். பேசினால் நல்லதுதான். போன இலையுதிர் காலத்தில் மனைவி ஆர்டிஸைப் புதைத்ததிலிருந்து அவன் யாரோடும் பேசுவதில்லை.

சட்டைக் காலருக்குள் கழுத்து சின்னதாகியிருந்தது.

என் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினேன். துணியோடு சேர்த்து, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்தான்.

கொட்டகையின் இரண்டு பக்கக் கதவுகளும் திறந்திருந்தன. ஆற்றோரத்து மரங்களின் பஞ்சு உள்ளே மிதந்து வந்துகொண்டிருந்தது. வெயில் விழுந்த இடங்களில் அது கீழே இறங்கவே மனமில்லாமல் நின்றது. இலவங்கப்பட்டை பன் வாசனை. பேரம் பேசுகிறவர்களின் குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்டன.

லோவெல் என் துப்பாக்கியின் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எஃகு நீலம்தான். ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் போனபிறகு கொஞ்ச நேரம் நிற்குமே, அந்த வானத்தின் நீலம். ஒரு பஞ்சு அதன்மேல் வந்து உட்கார்ந்தது. மெல்ல ஊதினான். அது போய்விட்டு இன்னொன்று வந்தது. அதையும் ஊதினான்.

பிறகு அதை வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தான். கைப்பிடி மரம் அவன் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதையும் வைத்தான். மறுபடி நீலத்தை எடுத்தான்.

எனக்கே பொறுக்கவில்லை. யோசித்துக்கொள் என்றேன். கன்றுகளைத் தேடிக் கரடி வந்தால் இதை எடுத்து நீட்ட முடியாது, வைக்கோலில் பாம்பு இருந்தால் இது வேலைக்கு ஆகாது என்றேன். நாய் இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது என்றான்.

தோட்டா போடும் அதன் உருளையை ஒருதரம்கூட யாரும் சுழற்றியதில்லை என்று, பலமுறை சொன்னதையே மறுபடி சொன்னேன். ஒரு சுற்றுச் சுற்றினாலும் போதும், அந்த நீலத்தில் மயிரிழைக் கோடு விழுந்துவிடும். மதிப்பு பாதியாகிவிடும்.

"அப்போ இதுல தோட்டா போட யாருக்குமே மனசு வராது, இல்ல?"

"போட்டவன் கை விளங்காமப் போயிடும்."

பெருமையாகத்தான் சொன்னேன். லோவெல் மூச்சை விட்டான். வெகுநாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு.

"சரி. இதக் குடு."

கிழவியை என் பக்கம் நகர்த்தினான். இத்தனை வருஷ ஆசை. மஞ்சள் பட்டையோடு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கை நீட்டினேன்.

அப்போதுதான் அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்துப் பச்சை விரிப்பின்மேல் நிற்க வைத்தான். ஒரு தோட்டா.

"வாசல்ல எடுத்துக் குடுத்தாங்க. உள்ள இருந்துச்சு. இதையும் நீயே வெச்சுக்க."

நாற்பது வருஷம் துப்பாக்கியோடு வாழ்ந்தவன். காலி செய்யாமல் வாசற்படி தாண்டாதவன். மறந்துவிட்டான் என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்தேன்.

அப்புறம் அந்தத் தோட்டாவைப் பார்த்தேன். கரடிக்கு என்று போடுகிறவன் உருளையின் ஆறு குழிகளையும் நிரப்புவான். பாம்புக்கு என்றாலும்கூட யாரும் ஒன்றே ஒன்றைப் போடமாட்டார்கள்.

ஆர்டிஸ் இல்லாத வீட்டில் ராத்திரிகளில் அவன் தனியாக இருப்பது நினைவுக்கு வந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீலத்தின்மேல் விழுந்த பஞ்சை ஊதிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் இதற்கு யாரிடமும் வார்த்தை கிடையாது. தோட்டாவை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். குளிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அவன் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.

"ஒரு கண்டிஷன்," என்றேன். குரல் வியாபாரிக் குரலாக இருக்கவேண்டும் என்று பாடுபட்டேன். "வருஷா வருஷம் நீயே இத இங்க எடுத்துட்டு வரணும். கோடு விழுந்திருக்கான்னு நான் என் கண்ணால பாக்கணும்."

"அடுத்த வருஷமா?"

"அடுத்த வருஷம். அதுக்கு அடுத்த வருஷமும்."

பஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது. லோவெல் பெட்டியை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இரண்டடி போனவன் நின்றான்.

"ஞாபகப்படுத்துடா," என்றான்.