புரியும்படி ஒரு கடிதம்

"என்ன இது, எனக்கே தலை சுத்துது!" பெரிய டாக்டர் கடிதத்தை ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

நோயாளிகளுக்குச் சோதனை முடிவைக் கடிதமாக எழுதி அனுப்புவது குமாஸ்தாவின் வேலை. அவர் எழுதினால் படித்தவுடன் புரியும். மனசுக்கும் ஆறுதலாக இருக்கும்.

"எழுத்துல நீங்க புலியாச்சே! இன்னிக்கு ஏன் சுத்தி வளைக்கிறீங்க? அந்தம்மா இதைப் படிச்சா நல்ல சேதின்னுல்ல நினைப்பாங்க?"

இரண்டாம் முறை எழுதியதும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை குமாஸ்தா எழுதிக்கொண்டு வந்தார்.

'இந்த நோய் இனி மருந்துக்குக் கேட்காது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம். கடைசிவரை கூடவே இருப்போம்.'

"இதுதான் உங்க எழுத்து! விலாசம் எங்க?"

"என் வீட்டு விலாசம்தான், டாக்டர். சம்சாரத்துக்கிட்ட நேர்ல சொல்ல எனக்கு நாக்கு எழல."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

"வாங்க, சேர்ந்தே போய்ச் சொல்லுவோம்."