பாஞ்சாலையின் முதுகு வார்ப்பு

முதுகெலும்பு வளைவு ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு, எழுபத்தெட்டில் திருவண்ணாமலை டாக்டர் சகாதேவன் அனுப்பிய விண்ணப்பம் மூன்றாம் முறையும் திரும்பிவந்தது. உடன் அனுப்பிய, நோயாளிச் சிறுமி பாஞ்சாலையின் முதுகை அச்செடுத்த பிளாஸ்டர் வார்ப்பு, அவர் எழுதிய அளவைவிட அதிகம் வளைந்திருக்கிறதாம். எரிச்சலோடு அளந்து பார்த்தார். உண்மைதான். பிளாஸ்டரில் ஒரு விரிசலும் இல்லை.

புதிதாக வார்ப்பெடுக்க, கீழ்பென்னாத்தூரிலிருந்து சிறுமியை வரவழைத்தார். அவள் நிமிர்ந்து நடந்துவந்தாள்.

“இவ இப்படி நேரா நின்னா எனக்கு யாரும்மா நிதி குடுப்பாங்க?” என்று அவளுடன் வந்த தாய் ஜோதியம்மாளிடம் சலித்துக்கொண்டவர், பழைய வார்ப்பையாவது ஒழித்துக்கட்டச் சுத்தியலை எடுத்தார்.

“ஒடைச்சிடாதீங்க சார். அத எடுத்ததிலேருந்துதான் பொண்ணுக்கு வலி கம்மி.”

“வெறும் பிளாஸ்டரும்மா அது!”

சகாதேவன் சுத்தியலை ஓங்கினார். வார்ப்பு முதுகைக் குறுக்கிக்கொண்டது.