செல்போன் கடை மாப்பிள்ளை

சொர்ணலட்சுமிக்குச் சாம்பார் வாளி கனக்கவே இல்லை. பந்தியில் மூன்றாவது இலையில் சுந்தரபாண்டி உட்கார்ந்திருந்தான்.

விருதுநகரில் செல்போன் கடை. மல்லாங்கிணற்றில் சொந்த வீடு. போட்டோவில் பார்த்ததைவிட நேரில் நல்ல கறுப்பு, நல்ல சிரிப்பு.

அவன் கேட்காமலே இரண்டு தடவை ஊற்றிவிட்டாள். சோற்று அணை உடைந்து சாம்பார் பக்கத்து இலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏழாயிரம்பண்ணைக் காளியம்மன் கோயில் பொங்கலுக்குச் சமுதாயக்கூடத்தில் ஊர்ச் சாப்பாடு. முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால் சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமென்று மாப்பிள்ளையும் அவன் அம்மா வள்ளித்தாயும் வந்திருந்தார்கள்.

வள்ளித்தாய் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பெண் பட்டாசு ஆபீசுக்குப் போகிறவளாக இருக்கக்கூடாது.

ஆலையை ஆபீஸ் என்று சொல்லுகிற ஊர் இது. சொர்ணலட்சுமி பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட மறுநாளிலிருந்து அங்கேதான் வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டா வீட்டு வேல, ஊர் வேலன்னு சொல்லு தாயி. ஆபீசுன்னு வாயத் தொறந்துராத" என்று சொல்லிக்கொடுத்தாள் அவளைப் பெற்ற ராமுத்தாய்.

சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடுவது என்று மகள் இறங்கிவிட்டாள். ஆபீஸ் வேனில் ஏறுவதை நிறுத்தினாள். விடிந்ததும் மாட்டுத் தொழுவம், அப்புறம் பருத்திக் காட்டில் களை, சாயங்காலம் ஆட்டுக்குக் குழை ஒடிப்பு. கோழிகள்கூட இவளைக் கண்டால் ஒதுங்கிப் போயின.

அதோடு விட்டாளா? ஊருணி தூர்வாருகிற இடத்தில் மண் சட்டி சுமந்தாள். பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாள். போலியோ சொட்டு மருந்துக்கு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கி வந்தாள். ஒரே பிள்ளையை இரண்டு தடவை தூக்கி வந்து நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால் அவளுக்கே இந்தப் பிழைப்பு பிடித்துப்போனது. படுத்தால் நல்ல தூக்கம். எழுந்தால் ஒரே சிரிப்பு. கடலை மாவு போட்டுத் தேய்த்ததில் விரலிடுக்கில் ஒட்டியிருந்த வெடிமருந்தின் வெள்ளிப் பொடியும் போயே போய்விட்டது. இனி எந்தக் கொம்பன் கண்டுபிடிக்க முடியும்?

வள்ளித்தாய் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே அவள் ஓட்டத்தையும் நடையையும் பார்த்துச் சொக்கிப்போயிருந்தாள். கல்யாணம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். மாப்பிள்ளைக்கு மூன்றாவது தடவையாகச் சாம்பார் ஊற்றக் குனிந்தாள் சொர்ணலட்சுமி.

சமையற்கட்டில் யாரோ காலி அண்டாவைக் கைநழுவ விட்டார்கள்.

டமார்!

வாளி ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம். பக்கவாசல் வழியாகப் பாய்ந்து, மைதானத்தைத் தாண்டி, வேப்பமரத்தடியில் போய் நின்ற பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

பட்டாசு ஆபீசில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான். ஒவ்வொரு அறைக்கும் சுவருக்கு ஒன்றாக நாலு வாசல். சத்தம் கேட்டால் எது பக்கமோ அதில் ஓடு. மற்ற ஊர்க்காரர்கள் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் பிழைப்புக்காரர்கள் ஓடிய பிறகுதான் யோசிப்பார்கள்.

பந்தியில் பாதிப் பேர் சோற்றுக் கையோடு வெளியே நின்றார்கள். "ஏலே, அண்டாடா!" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். வெட்கமும் சிரிப்புமாகக் கூட்டம் இலைக்குத் திரும்பியது.

அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் வள்ளித்தாய்க்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கல்யாணம் போச்சு. கண்ணில் நீர் முட்டியது.

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

இவளுக்கு முன்னாலேயே வந்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தான் சுந்தரபாண்டி. முழங்கை வரை சாம்பார்.

ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் சிரிப்பில் குலுங்கியது அவள் தோள்தான்.

"உங்க செல்போன் கடைக்கு எத்தன வாசல் வச்சிருக்கீக?"

அவன் உள்ளே அம்மா இருக்கும் திசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"நாலு" என்றான்.