பறவைக்குப் பின்னால் ஒரு மூச்சு

பெர்த்தில் காலை எட்டு மணி. சிட்னியில் மணி பத்து, பங்குச்சந்தை திறக்கிறது. சமையலறை மேசையில் டூகலின் மடிக்கணினி மேக்பை பறவையின் குரலில் ஒருமுறை பாடி ஓய்கிறது. சந்தை திறந்ததைச் சொல்லும் மணி அதுதான். வர்த்தகர்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளும் இந்த மணி மென்பொருளை, அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்து, அவனும் மாரெனும் சேர்ந்து எழுதினார்கள். வீட்டுக்குப் பின்னால் நின்று பறவையைப் பதிவு செய்தவள் மாரென். போன வருடம் அவனை விட்டு ஹோபார்ட்டுக்குப் போய்விட்டாள். மேசை மீது சாய்ந்து விழும் வெயிலில் ரொட்டித் துணுக்குகள் மின்னுகின்றன. திரையில் முகம் தெரியாத ஒருவரின் புகார்: 'பறவை ஒலியின் முடிவில் ஏதோ இரைச்சல். வெட்டிவிடவும்.' டூகல் ஹெட்போனைக் காதோடு அழுத்தி, அந்த முடிவை மட்டும் மறுபடி ஓடவிடுகிறான். பறவை ஓய்ந்ததும் மாரெனின் ஒரு மூச்சு. அது சிரிப்பாக உடையும் இடத்தில் பதிவு நின்றுவிடுகிறது. பதிவு செய்த அன்று அந்தப் பறவை அவன் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தது, அவன் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான்.

"ஒரு நிமிஷ வேலைடா, வெட்டித் தொலையேன்," என்கிறாள் டோஸ்டில் வெஜிமைட் தடவும் அக்கா இமெல்டா. "எத்தன பேரு இதையே சொல்லிட்டாங்க!"

"பாத்தேன்க்கா."

"அவளுக்கு ஒரு ஃபோன் போடத் துப்பில்ல. இதப் போட்டுப் போட்டுக் கேளு."

டூகல் 'இது பிழை அல்ல' என்று தட்டிப் புகாரை மூடுகிறான். நாளைக்கும் சந்தை திறக்கையில், அவளை அறியாத எத்தனையோ வீடுகளில் அவள் சிரிக்கத் தொடங்குவாள்.